"விசேஷம் உண்டா?"
(பொன்விழாக் குடும்ப தினத்தில் ஆற்றிய உரை)

 

நான் டாக்டர் இல்லை. பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரிக்கல் டிப்ளோமா முடித்துவிட்டு ஈப்போவில் துணிக்கடை நடத்துகிறவன். பிள்ளைத் துணியும் விற்கிறேன். அகீகா வீட்டுக்கு அன்பளிப்பு வாங்க வரும் சில சகோதரிகள், சின்னச் சட்டையை எடுத்துப் பார்த்துவிட்டு அப்படியே வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். பிறகு கணவர் தனியாக வந்து வாங்குவார். விருந்துக்கும் அவர் மட்டும்தான் போவார். அங்கே "இன்னும் விசேஷம் இல்லையா?" என்று யாராவது கேட்பார்களே!

சுங்கை சிப்புட் பக்கம் தோட்டங்களில் நம் பாட்டன்மார் கடை வைத்திருந்த காலத்திலும் இந்தக் கேள்வி உண்டு. தோட்டம் போய் டவுனுக்கு வந்தோம். கேள்வியும் கூடவே வந்து இப்போது வாட்சாப்பில் ஏறிவிட்டது.

1993இல் அமெரிக்காவில் ஆலிஸ் டோமார் என்பவரும் அவர் குழுவினரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பிள்ளைப்பேறு தாமதமான பெண்களின் மனச்சோர்வு, புற்றுநோயாளிகளுக்கும் இருதய நோயாளிகளுக்கும் இருக்கும் அளவுக்கே இருந்ததாம். புற்றுநோய் என்றால் பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்க்கிறோம். இவர்களைப் பார்த்தால் கைமருந்து சொல்கிறோம், நேர்ச்சை சொல்கிறோம். மாதாமாதம் எதிர்பார்த்து மாதாமாதம் ஏமாறுகிறவளுக்கு அது ஆறுதலா?

பொறுமையைப் போதிப்பவர்களுக்கு ஒன்று. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுக்குப் பிள்ளை இல்லை. 2,000க்கும் மேற்பட்ட ஹதீஸ்கள் அவர்கள் வழியாக நமக்குக் கிடைத்தன. அவர்களை முஃமின்களின் அன்னை என்கிறோம். நம் வீட்டு மருமகளுக்கு மட்டும் 'மலடி' என்ற பெயர் எங்கிருந்து வந்தது?

இரண்டு வாரத்துக்கு மேலாகத் தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை, எதிலும் மனம் ஒட்டவில்லை என்றால் அது நோய். ஈமான் குறைவு அல்ல. ஆனால் ஈப்போக்காரர்கள் நமக்கு ஒரு கெட்ட பழக்கம். மனநோய் என்றாலே 'தஞ்சோங் ரம்புத்தான்' என்று சிரிப்போம். 1911இல் தொடங்கிய அந்த ஆஸ்பத்திரிக்கு இன்று பஹாகியா என்று பெயர்; மகிழ்ச்சி என்று பொருள். நம் சிரிப்புக்குப் பயந்தே பல பெண்கள் வாய் திறப்பதில்லை. முதலில் பக்கத்துக் கிளினிக் கெசிஹாத்தானுக்குப் போனாலே போதும். 1 ரிங்கிட்தான். கேள்வித்தாள் கொடுத்து மனநிலையைப் பார்ப்பார்கள்.

இனி ஆண்களுக்கு. தாமதத்தில் ஏறக்குறைய பாதிக்கு ஆண் பக்கமும் காரணம் உண்டு. விளக்கு எரியவில்லை என்று பல்பையே மாற்றிக்கொண்டிருப்பவன் வயர்மேனா? பெண்ணுக்குக் கர்ப்பப்பைக் குழாயில் மருந்து செலுத்தி எக்ஸ்ரே எடுப்பார்கள், வலிக்கும். நமக்கு விந்துச் சோதனை, ஊசிகூட இல்லை. அப்படியிருந்தும் அவள் நாலு டாக்டரைப் பார்த்த பிறகுதான் நாம் கிளம்புகிறோம். அதுவரை வீட்டில் எல்லாப் பேச்சையும் அவளே வாங்கிக்கொள்கிறாள்.

செலவுக்குப் பயப்படுகிறவர்கள் கவனியுங்கள்: 2020 முதல் கருத்தரிப்புச் சிகிச்சைக்குக் கே.டபிள்யூ.எஸ்.பி. சேமிப்பிலிருந்து பணம் எடுக்கலாம். தனியாகப் போகக் கூச்சப்படும் சகோதரர்கள் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு என் கடைக்கு வாருங்கள். துணைக்கு நான் வருகிறேன்.

வஸ்ஸலாம்.