டாம்பா அணியின் 26 தோல்விகள்



ஒரு பருவகாலம் முழுவதும் ஆடி, ஓர் ஆட்டத்திலேனும் வெற்றி காணாத ஓர் அணியைப் பற்றி இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகின்றேன். அமெரிக்க ஐக்கிய நாட்டின் புளோரிடா மாநிலத்திலே, மெக்சிக்கோ வளைகுடாக் கரையிலுள்ள டாம்பா நகரின் அணி அது. 1976ஆம் ஆண்டு களமிறங்கியது. அவ்வாண்டு ஆடிய 14 ஆட்டங்களிலும் தோற்றது. கடற்கொள்ளையர் என்று பொருள்படும் பக்கனியர்ஸ் என்ற பெயரை அதற்குச் சூட்டியிருந்தனர். செம்மஞ்சள் நிற உடை. தலைக்கவசத்திலே, இறகு செருகிய தொப்பியணிந்து, பல்லிடையே குத்துவாளைக் கவ்வியவாறு, ஒரு கண்ணைச் சிமிட்டும் கொள்ளைக்காரனின் முகம். கொள்ளையடித்தவர்கள் என்னவோ எதிரணியினர்தாம்.

அமெரிக்கர் உதைபந்தாட்டம் என்று அழைக்கும் இவ்விளையாட்டிலே காலுக்குள்ள வேலை சொற்பம். ரக்பி ஆட்டத்தின் வழிவந்தது இது. அணிக்குப் பதினொருவர். பந்தை வைத்திருக்கும் அணி நான்கு முயற்சிகளுக்குள் பத்து யார் தூரமேனும் முன்னேற வேண்டும்; இன்றேல் பந்து கைமாறும். இம்முன்னேற்றத்தை நடத்துபவர் குவாட்டர்பாக் எனப்படும் ஆட்டக்காரர். எவருக்குப் பந்தை எறிவது என்று அவர் தேடும் சில விநாடிகளிலே, அவர் முன்னே ஐவர் மதிலாக நின்று எதிரிகளைத் தடுத்தாக வேண்டும். மதில் சரிந்தால், எத்துணைத் திறமை வாய்ந்த கையும் பயன்படாது. டாம்பாவின் கதையிலே பெரும்பகுதி சரிந்த மதிலின் கதையே.

அந்த மதில் எவ்வாறு கட்டப்பட்டது? தேசிய உதைபந்தாட்ட லீக்கில் அதுவரை 26 கழகங்கள் இருந்தன. 1976இல் டாம்பாவும், வடமேற்குக் கரையிலுள்ள சியாட்டிலும் புதிதாகச் சேர்ந்தன. உள்ளே நுழைவதற்கு ஒவ்வொன்றும் செலுத்திய கட்டணம் ஏறத்தாழ ஒரு கோடியே அறுபது இலட்சம் டொலர். இவ்வளவு பணம் பெற்ற பழைய கழகங்கள் தந்தது என்ன? தாம் இழக்க விரும்பாதவர்களை முதலில் ஒதுக்கிக்கொண்டு, எஞ்சியோர் பட்டியலை நீட்டின. அதிலிருந்து ஒவ்வொரு புதிய கழகமும் 39 பேரைத் தெரிந்தெடுத்தது. வயது கடந்தவர்கள், காயம்பட்டவர்கள், முதலாளிகளுக்கு வேண்டாதவர்கள் ஆகியோரே அப்பட்டியலில் மிகுதி. சந்தை கலையும் வேளையில் மீன் வாங்கப் போனவனின் நிலை அது. ஆதலால் அத்தோல்விகளுக்கு ஆட்டக்காரரின் சோம்பலைக் காரணம் கூறுவது நீதியன்று. அணியைத் திரட்டிய முறையிலேயே தோல்வி அடங்கியிருந்தது.

பயிற்றுநர் ஜோன் மக்கே சாமானியரல்லர். தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தை நான்கு முறை தேசிய வாகை சூடச் செய்தவர். நகைச்சுவைக்கும் பெயர் பெற்றவர். நாங்கள் எதிரியைத் தடுக்கவில்லை, அதற்கு ஈடாக, மடக்கிப் பிடிக்கவும் இல்லை என்று அவர் தம் அணியைப் பற்றிச் சொன்னதாக ஒரு கதை வழங்குகிறது. ஊர் சிரித்தது. ஆனால் அந்த அணியிலே பந்தை ஏந்த ஓடியவர்களுள் ஒருவர் அவருடைய சொந்த மகன் என்பதை எண்ணும்போது, அச்சிரிப்பு அத்துணை இலகுவாக வந்திருக்குமென்று எனக்குத் தோன்றவில்லை.

1976 செப்டெம்பர் 12ஆம் திகதி ஹியூஸ்டனில் நடந்த முதலாட்டத்தில் 20க்குப் பூச்சியம். அடுத்த வாரம் 23க்குப் பூச்சியம். மூன்றாம் ஆட்டத்தில் ஒன்பது புள்ளிகள் கிடைத்தன. அவையும் உதைகளால் வந்தவையே. எல்லைக்கோட்டைக் கடந்து பந்தைக் கொண்டுசென்ற முதல் வீரரைக் காண நான்காம் ஆட்டம்வரை காத்திருக்க நேர்ந்தது. அவரோ முன்னேறும் பிரிவினர் அல்லர். எதிரி தவறவிட்ட பந்தை எடுத்து ஓடிய தற்காப்பு வீரர்.

ஆறாம் ஆட்டம் சொந்த மைதானத்தில், சக புதியவரான சியாட்டிலுக்கு எதிராக நிகழ்ந்தது. வெல்வதாயின் இன்றே வெல்லலாம் என்று டாம்பா மக்கள் நம்பினர். 13க்குப் 10 என்று பின்தங்கியிருந்த வேளை, இறுதிக் கணங்களில் ஓர் உதையால் ஆட்டத்தைச் சமப்படுத்தும் வாய்ப்பு வந்தது. சியாட்டிலின் மைக் கேட்டிஸ் பாய்ந்து பந்தைத் தடுத்துவிட்டார். அடுத்த வாரம் மியாமியிடம் 23க்கு 20. அதற்குமேல் அத்துணை நெருக்கம் வாய்க்கவேயில்லை. ஒக்லாந்திடம் 49க்கு 16. பிற்ஸ்பேர்க்கிடம் 42க்குப் பூச்சியம். பருவகாலம் முடிந்தபோது அவ்வணி பெற்றவை 125 புள்ளிகள்; கொடுத்தவை 412. ஐந்து ஆட்டங்களில் ஒரு புள்ளிதானும் இல்லை.

இங்கிலாந்து லீக் ஆட்டங்களாயின் இத்தகைய அணி கீழ்ப்பிரிவுக்கு இறக்கப்பட்டிருக்கும். அமெரிக்கர் வழக்கம் வேறு. பல்கலைக்கழகங்களிலிருந்து வரும் இளம் வீரரைத் தெரிவு செய்யும்போது, கடைசியாக வந்த அணிக்கே முதல் உரிமை. எனவே 1977இல் டாம்பா முதலில் தெரிந்து ரிக்கி பெல் என்பவரை எடுத்தது. மக்கேயிடமே முன்பு பயின்றவர் அவர். ஆயினும் அவ்வாண்டும் தோல்வி தொடர்ந்தது. மேலும் 12 ஆட்டங்கள். இரண்டாண்டும் சேர்த்து 26. 1977 டிசெம்பர் 11ஆம் திகதி நியூ ஓர்லியன்ஸ் நகரில் 33க்கு 14 என்று முதல் வெற்றி வந்தது. எதிரி எறிந்த பந்துகளை இடைமறித்து, மூன்று முறை எல்லைக்கோடுவரை ஓடினர் தற்காப்பு வீரர்கள். அன்று அணி ஊர் திரும்பியபோது ஆயிரக்கணக்கானோர் திரண்டு வரவேற்றனர். தோற்ற நியூ ஓர்லியன்ஸ் அணியின் பயிற்றுநரோ அப்பருவகாலத்தின் பின்னர் வேலையை இழந்தார்.

1978இல் டக் வில்லியம்ஸ் என்ற இளைஞர் குவாட்டர்பாக்காக வந்தார். 1979இல் அதே அணி 10 ஆட்டங்களில் வென்று, 1980 ஜனவரியில் தன் மாநாட்டுப் பிரிவின் இறுதியாட்டம்வரை சென்று, லொஸ் ஏஞ்சலிஸ் அணியிடம் 9க்குப் பூச்சியம் என்று தோற்றது. 1976இல் அணி முதன்முதலாகத் தெரிந்தெடுத்த லீ ரோய் செல்மன், 1979இல் லீக்கின் மிகச் சிறந்த தற்காப்பு வீரரெனப் பாராட்டப்பெற்றார். தோல்விக்கு ஈடு கொடுக்கும் அந்த ஏற்பாடு பயன் தந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் ஈடு பெற்றது கழகம்; தோல்வியைச் சுமந்தவர்களுள் அந்நாளைக் காண அணியில் எஞ்சியிருந்தவர் சிலரே.

ஸ்டீவ் ஸ்பரியரை எடுத்துக்கொள்வோம். புளோரிடாப் பல்கலைக்கழகத்தில் பயின்று, 1966இல் நாட்டின் தலைசிறந்த மாணவ ஆட்டக்காரருக்குரிய ஹைஸ்மன் விருதை வென்றவர். 1976இல் டாம்பாவின் குவாட்டர்பாக் அவரே. அந்தச் சரிந்த மதிலின் பின்னே வாரந்தோறும் நிலத்தில் வீழ்த்தப்பட்டவரும் அவரே. 1977ஆம் ஆண்டுப் பருவகாலம் தொடங்குமுன் கழகம் அவரை விடுவித்தது. அதன்பின் லீக்கின் பருவகால ஆட்டம் எதிலும் அவர் ஆடவில்லை. பிற்காலத்தில் பயிற்றுநராகி, 1996இல் தாம் பயின்ற பல்கலைக்கழகத்துக்குத் தேசிய வாகையைப் பெற்றுக்கொடுத்தார். அங்குள்ள ஆடுகளம் 2016இலிருந்து அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.