எலும்பு கூடும், குருத்தெலும்பு கூடுமா?

(பழைய மாணவர் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



விலங்கியல் படித்துவிட்டு, சுங்குவார்சத்திரத்தில் ஒரு தொழிற்சாலையில் லைன் சூப்பர்வைசராக இருந்தவன் நான். "நீ என்னப்பா எலும்பைப் பத்திப் பேசப் போறே?" என்று நண்பர்கள் கேட்டார்கள். என் இடது கால் நடத்திய பாடத்தைத்தான் சொல்லப் போகிறேன்.

ஒரு மழைநாள் இரவு ஷிஃப்ட் முடிந்து, பெங்களூர் நெடுஞ்சாலையில் பைக் வழுக்கி விழுந்தேன். முழங்காலுக்குக் கீழே உள்ள பெரிய எலும்பு முறிந்தது. மூட்டுக்குள் குருத்தெலும்பும் கொஞ்சம் பெயர்ந்துவிட்டது. எலும்பு சில மாசத்தில் கூடிவிட்டது. குருத்தெலும்பு இன்னும் கூடவில்லை. இந்த மேடைப் படியைக்கூட கைப்பிடியைப் பிடித்துத்தான் ஏறினேன். ஒரே கால், ஒரே விபத்து. ஏன் இந்த வித்தியாசம்?

கோழி எலும்பை வினிகரில் ஊறவைத்தால் சில நாளில் ரப்பர் மாதிரி வளையும். அமிலம் சுண்ணாம்புச் சத்தைக் கரைத்துவிட, மிஞ்சுவது கொலாஜன் என்ற புரத நார். கம்பியும் கான்கிரீட்டும் போல, நாரும் கால்சியம் பாஸ்பேட்டும் சேர்ந்ததுதான் எலும்பு. ஆனால் அது உயிருள்ள திசு. உள்ளே ஹாவர்சியன் கால்வாய்களில் ரத்தம் ஓடுகிறது. பழசை அரிக்க ஆஸ்டியோகிளாஸ்ட், புதுசைக் கட்ட ஆஸ்டியோபிளாஸ்ட் என்று செல்கள் ஆயுள் முழுக்க வேலை செய்கின்றன. அதனால்தான் முறிந்தாலும் கூடுகிறது.

மூட்டில் எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்போ சில மில்லிமீட்டர் கனம்தான். அதில் பெரும்பகுதி தண்ணீர். ரத்தக் குழாயும் இல்லை, நரம்பும் இல்லை. காண்ட்ரோசைட் செல்கள் சின்னச் சின்னக் குழிகளில் ஒதுங்கிக் கிடக்கின்றன. அவற்றுக்குச் சோறு? மூட்டுத் திரவம்தான். அடி வைக்கும்போது குருத்தெலும்பு பஞ்சு மாதிரி அழுங்கித் திரவத்தை விடும். காலைத் தூக்கும்போது உறிஞ்சும். நடைதான் அதற்குச் சாப்பாடு. நரம்பு இல்லாததால் தேய ஆரம்பிக்கும்போது தெரியவே தெரியாது. வலி வரும்போது பாதி போயிருக்கும்.

குருத்தெலும்பு அழிந்தால் திரும்ப வராது என்று லண்டன் மருத்துவர் வில்லியம் ஹன்டர் 1743-லேயே எழுதினார். இன்று செல்களை ஆய்வகத்தில் வளர்த்துப் பதிக்கும் சிகிச்சை வந்திருக்கிறது. ஆனாலும் இயற்கை தந்த வழவழப்பை முழுசாகத் திருப்பித் தர முடியவில்லை.

இதை ஏன் இங்கே சொல்கிறேன்? ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், சுங்குவார்சத்திரம் என்று நம் பிள்ளைகள் வேலைக்குப் போகும் இடங்களில் நின்றபடியே செய்கிற வேலை நிறைய. ஒரே இடத்தில் அசையாமல் நிற்பது நடை ஆகாது. நின்று வேலை செய்கிறவர்களுக்கு உட்கார வசதி வேண்டும் என்று 1948-ஆம் வருஷத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 44-ஆம் பிரிவு சொன்னது. கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-ல் சட்டத் திருத்தம் வந்தது. ஆனால் நான் சூப்பர்வைசராக இருந்தபோது, கொஞ்ச நேரம் சாய்ந்து உட்கார்ந்த தம்பிகளை "எழுந்திருடா" என்று அதட்டியிருக்கிறேன். இன்று படி ஏறும்போதெல்லாம் அது உறுத்துகிறது.

மாணவச் செல்வங்களே, தினமும் நடங்கள். தொடைத் தசையை வலுவாக்குங்கள். உடல் எடையைக் கட்டுக்குள் வையுங்கள். முழங்காலில் வீக்கம் கண்டால் தைலம் தேய்த்துக் காலம் கடத்தாமல் மருத்துவரைப் பாருங்கள். நிர்வாகப் பொறுப்பில் இருக்கும் நண்பர்களே, லைனுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போடுங்கள். இடையிடையே நாலு அடி நடக்க விடுங்கள். இந்தக் காலோடு நான் கேட்பது அவ்வளவுதான்.