வவுச்சர் இல்லாத என்ட்ரி

(நமது குடியிருப்பின் பொங்கல் கலைநிகழ்ச்சியில் கிதார் வாசிப்பதற்கு முன் பேசியது. செயலாளர் கேட்டுக்கொண்டபடி எழுதிக் கொடுத்திருக்கிறேன்.)

 

"அஞ்சு நிமிஷம் பேசிட்டு ரெண்டு பாட்டு வாசிச்சிடுங்க சார்" என்று செயலாளர் சொல்லியிருக்கிறார். வங்கி கவுண்டருக்குப் பின்னால் முப்பது வருடத்துக்கு மேல் உட்கார்ந்தவன் நான். டோக்கன் நம்பரைக் கூப்பிட்டுத்தான் பழக்கம், மேடையில் பேசிப் பழக்கமில்லை. அஞ்சு நிமிஷம் பத்து நிமிஷமானால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

லிஃப்டில் பார்க்கும்போதெல்லாம் பிள்ளைகள் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "தாத்தா, எந்த கிதார் வாங்கலாம்?" இதற்குப் பதில் சொல்ல எனக்குத் தகுதி உண்டு, ஏனென்றால் தப்பாக நிறைய வாங்கியிருக்கிறேன். ஓய்வு பெற்றுப் பணம் கைக்கு வந்ததும் ஒரு அக்கூஸ்டிக், ஒரு எலெக்ட்ரிக், ஒரு சின்ன ஆம்ப், நாலு பெடல் என்று வாங்கிக் குவித்தேன். ஒவ்வொரு பெட்டி வந்து இறங்கும்போதும் இனிமேல் என் வாசிப்பு சரியாகிவிடும் என்று நினைப்பேன். அந்த நாலு பெடலும் இப்போது பரணில் கொலு பொம்மைகளுக்குப் பக்கத்தில் இருக்கின்றன. பொம்மைகளாவது வருடத்துக்கு ஒருமுறை கீழே இறங்கி வருகின்றன.

பெற்றோர்களுக்கு நான் சொல்வது மூன்றே விஷயம். ஒன்று, விலையைப் பார்ப்பதற்கு முன் விரல்பலகைக்கு மேல் தந்தி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று பாருங்கள். உயரம் அதிகமென்றால் பிள்ளைக்கு விரல் வலிக்கும், ஒரு மாதத்தில் கிதார் மூலைக்குப் போய்விடும். கடையிலேயே அதைச் சரிசெய்து தரச் சொல்லுங்கள். இரண்டு, நம் ஊர்க் கடற்காற்றிலும் கை வியர்வையிலும் தந்தி சீக்கிரம் துருப்பிடிக்கும். வாசித்து முடித்ததும் காய்ந்த பருத்தித் துணியால் துடைத்து வையுங்கள். சத்தம் மங்கினால் புதுத் தந்தி மாட்டுங்கள், கிதாரையே மாற்ற வேண்டாம். மூன்று, தினமும் கையில் எடுத்ததும் சுருதி பாருங்கள். அதற்கு இலவசமாகவே செயலி கிடைக்கிறது.

கிதாரைப் பற்றி இன்னொரு விஷயம். உலகம் முழுக்க நல்ல கிதார்களுக்கு விரும்பி வாங்கும் மரம் ஒன்று நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளர்கிறது. ஈட்டி என்றும் தோதகத்தி என்றும் நாம் சொல்வது. கடைக்காரர் இந்தியன் ரோஸ்வுட் என்பார். இந்த மரத்தினால் அமெரிக்காவில் ஒரு அரசியல் சண்டையே நடந்தது.

2011 ஆகஸ்டில், கிப்சன் என்கிற பெரிய கிதார் கம்பெனியின் தொழிற்சாலைகளில் அமெரிக்க மத்திய அரசு அதிகாரிகள் சோதனை போட்டார்கள். இந்தியாவிலிருந்து வந்த ரோஸ்வுட், கருங்காலித் துண்டுகளை எடுத்துக்கொண்டு போனார்கள். ஒரு நாட்டின் சட்டத்தை மீறி வெட்டிய, ஏற்றுமதி செய்த மரத்தை அமெரிக்காவுக்குள் கொண்டுவரக் கூடாது என்பது அங்கே சட்டம். வந்த துண்டுகள் நம் ஏற்றுமதி விதிப்படி கிதாரின் உதிரிபாகமா, அல்லது வெறும் அறுத்த மரமா என்பதுதான் வழக்கின் கேள்வி. எந்த வங்கியிலும் லோன் பிரிவில் உட்கார்ந்தவருக்குப் பழக்கமான, தலை சுற்றும் கேள்வி!

ஆனால் செய்தியில் வந்தது வேறு. ஒரு பக்கத்தினர் "நேர்மையான கம்பெனியை அரசாங்கம் நசுக்குகிறது" என்றார்கள். மறுபக்கத்தினர் "காட்டை அழிக்கும் திருடர்கள்" என்றார்கள். அடுத்த மாதமே ஒபாமா நாடாளுமன்றத்தில் பேசியபோது, குடியரசுக் கட்சிக்காரர்கள் அந்தக் கம்பெனியின் தலைவரை விருந்தினராக அழைத்து உட்கார வைத்தார்கள். நான் கிதார்காரன் அல்லவா, கம்பெனி பக்கம் சேர்ந்துகொண்டேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கிளையில் யாரையும் விடாமல் பிடித்து இந்த அநியாயத்தைச் சொன்னேன்.

2012 ஆகஸ்டில் வழக்கு சமரசமாக முடிந்தது. 2009இல் நடந்த முதல் சோதனை மடகாஸ்கர் கருங்காலி பற்றியது. அந்த விஷயத்தில் கம்பெனி 3 லட்சம் டாலர் அபராதம் கட்டியது, பிடிபட்ட அந்த மரத்தையும் விட்டுக்கொடுத்தது. இந்திய மரத்தைப் பொறுத்தவரை விதி தெளிவாக இல்லை என்று அரசு ஒப்புக்கொண்டு, மரத்தைத் திருப்பித் தந்துவிட்டது. திரும்பி வந்த மரத்தில் கம்பெனி கிதார் செய்து, அதற்கு அரசாங்கத்தின் பெயரையே வைத்து விற்றது! ஆக, இரு பக்கமும் பாதிதான் சரி. நான் இந்த முடிவைப் படித்தபோது, சாப்பாட்டு நேரத்தில் என்னிடம் மாட்டியவர்களிடம் திரும்பிப் போய்ச் சொன்னேனா? சொல்லவில்லை. முதலில் சொன்னபோது இருந்த ருசி திருத்திச் சொல்வதில் இல்லை.

அப்போதே பாடம் படித்திருந்தால் இன்று இந்தப் பேச்சுக்கு வேலை இருந்திருக்காது.

இங்கே நெடுநாள் குடியிருப்பவர்களுக்குத் தெரியும். விழாக்களில் நான் கிதாரும் பி பிளாக் நண்பர் தபேலாவும் சேர்ந்துதான் வாசிப்போம். எதை வாசித்தாலும் கடைசியில் "இளைய நிலா" கேட்பீர்கள். 1982இல் வந்த "பயணங்கள் முடிவதில்லை" படத்துக்காக அந்த கிதாரை வாசித்தவர் ஆர்.சந்திரசேகர். அவர் வாசித்தது எங்கே, நான் வாசிப்பது எங்கே. நடுவில் என் விரல் தடுமாறும். அந்த இடத்தில் நண்பர் கண்ணாலேயே ஜாடை காட்டி இன்னொரு ஆவர்த்தனம் சேர்த்து வாசிப்பார். நான் விட்ட இடத்தைப் பிடித்துக்கொள்வேன். கைதட்டிய உங்களுக்குத் தெரியாது, தப்பு நடந்தது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும்.

போன தேர்தல் நேரத்தில் நம் வாட்ஸப் குழுவில் நான் ஒரு வீடியோ போட்டேன். ஒரு தலைவர் நேற்றுப் பேசியதாக வந்தது. வந்த வேகத்தில் தட்டிவிட்டேன். நண்பர், "சார், இது பல வருஷத்துக்கு முந்தின வீடியோ. அதுவும் பாதியிலே வெட்டியிருக்கு" என்று மரியாதையாக எழுதினார். நான் என்ன செய்திருக்க வேண்டும்? தேதியைப் பார்த்திருக்க வேண்டும். "உங்க ஆளைச் சொன்னா உங்களுக்குப் பொறுக்கலை" என்று பதில் போட்டேன். பிறகு நள்ளிரவு வரை ஆளாளுக்கு எழுதியதை நான் சொல்ல வேண்டாம். மறுநாள் காலை செயலாளர் குழுவைப் பூட்டினார். தண்ணீர் லாரி வரும் செய்திகூட ஒரு வாரம் நோட்டீஸ் போர்டில்தான் வந்தது.

நண்பர் அதன்பின் என்னோடு பேசவில்லை. போன பொங்கலுக்கு நான் கைப்பேசிச் செயலியில் தாளம் ஓடவிட்டுத் தனியாக வாசித்தேன். தாளம் ஒரு இம்மி பிசகவில்லை. ஆனால் வழக்கமான இடத்தில் விரல் தடுமாறியபோது அது எனக்காக நிற்கவில்லை, தன்பாட்டுக்குப் போய்விட்டது. நான் கடைசி வரை அதைத் துரத்திக்கொண்டே வாசித்தேன். அன்று உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

அதற்கும் ஒரு வருடம் பிடித்தது எனக்கு. இரண்டு வாரம் முன்பு அவர் வீட்டுக் கதவைத் தட்டினேன். அவர் வீட்டம்மா காபி கொடுத்தார்கள். "தப்பு என்னுடையது சார்" என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "தபேலாவுக்கு இந்த வருஷம் தோல் மாத்தணும்" என்றார். அவ்வளவுதான்.

ஆனால் கணக்குப் படித்தவனுக்கு இன்னொரு பாக்கி தெரிகிறது. வங்கியில் வவுச்சர் இல்லாமல் என்ட்ரி போடக் கூடாது. போட்டுவிட்டால், எந்த லெட்ஜரில் தப்பாகப் போட்டோமோ அதே லெட்ஜரில்தான் ரிவர்ஸ் செய்ய வேண்டும். தனியாக ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பையில் வைத்துக்கொண்டால் கணக்கு டேலி ஆகாது. நான் அவரைச் சிறுமைப்படுத்தியது உங்கள் எல்லோர் முன்னிலையிலும். அவர் வீட்டு ஹாலில் கேட்ட மன்னிப்பு அதற்குப் போதாது.

ஆகவே உங்கள் முன்னால் சொல்கிறேன். அந்த வீடியோ பழையது, வெட்டப்பட்டது. அவர் சொன்னதுதான் சரி. நான் எழுதிய பதில் தவறு. இன்று இரவு குழுவிலும் இதையே எழுதப்போகிறேன். குழு அரட்டைக்குத் திறந்திருக்கிறதா என்பதைச் செயலாளர் பார்த்துக்கொள்ளட்டும்.

எங்கள் அரசியல் இன்றும் வேறு வேறுதான். அடுத்த தேர்தலிலும் நான் ஒரு பட்டனும் அவர் ஒரு பட்டனும்தான் அழுத்துவோம். அரசியலே பேசக் கூடாது என்று நான் சொல்லவில்லை. ஒரு செய்தியை அனுப்புவதற்கு முன் எந்தத் தேதி, யார் சொன்னது, முழுசாக எங்கே இருக்கிறது என்று மூன்றையும் பாருங்கள். மூன்றும் கிடைக்கவில்லை என்றால் வவுச்சர் இல்லை, அவ்வளவுதான். தப்பாகிவிட்டால் அதே இடத்தில் திருத்துங்கள். என்னைப் போல ஒரு வருடம் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இப்போது வாசிக்கிறோம். தபேலாவைச் சுத்தியலால் தட்டித் தட்டிச் சுருதி சேர்க்க வேண்டும், அதுவும் ஓரளவுக்கு மேல் நகராது. கிதாரில் ஒரு கேப்போவை மாட்டினால் போதும். அதனால் இன்றைக்கு அவர் சுருதிக்குத்தான் நான் வந்திருக்கிறேன். விரல் தடுமாறும் இடம் இன்றும் வரும். அவர் பார்த்துக்கொள்வார்.