குறட்டையும் நாக்கு நரம்புக் கருவியும்



இன்று நாம் பேச எடுத்துக் கொண்ட விஷயம் குறட்டை. குறட்டையைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று சிலர் சிரிக்கலாம். ஒருவன் பலமாகக் குறட்டை விட்டால், "கொடுத்து வைத்தவன், நிம்மதியாகத் தூங்குகிறான்" என்கிறோம்; அல்லது கும்பகர்ணன் என்று கேலி செய்கிறோம். ஏன் அந்தச் சத்தம் வருகிறது என்று மாத்திரம் கேட்பதில்லை.

குறட்டை விடுகிறவர்கள் எல்லோரும் வியாதிக்காரர்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் குறட்டை திடீரென்று நின்று, அதோடு மூச்சும் நின்று, பிறகு திணறலோடு மறுபடியும் கிளம்புமானால் அதற்குப் பெயர் நிம்மதியான தூக்கமா? தூங்கும்போது நாக்கும் தொண்டைச் சதையும் தளர்ந்து மூச்சு வழியை அடைத்துக் கொள்ளுகின்றன. மூளை அரைகுறையாக விழித்துத்தான் அவ்வழியைத் திறக்க வேண்டியிருக்கிறது. இப்படி மூச்சு நிற்பதும் குறைவதும் மணிக்கு 30 தடவையோ அதற்கு மேலோ நேர்ந்தால் வியாதி கடுமை என்பது வைத்தியர்கள் கணக்கு. இந்த மனிதனைப் பகலில் பார்த்து நாம் சோம்பேறி என்கிறோம்! அவன் மோட்டார் ஓட்டுகிறவனாயிருந்தால் கண் அயர்ந்து, தன் உயிரோடு பிறர் உயிரையும் போக்கி விடுகிறான்.

இதற்கு ஆஸ்திரேலியாவில் டாக்டர் காலின் சல்லிவன் என்பவரும் அவரது கூட்டாளிகளும் 1981-இல் ஒரு வழியை வெளியிட்டார்கள். முகமூடி மூலம் காற்றை அழுத்தி உள்ளே செலுத்தினால் மூச்சு வழி மூடாமல் நிற்கும் என்பதே அது. இன்றைக்கும் முதலாவதாகக் கொடுக்கப்படுவது இதுதான். ஆனால் இரவு முழுவதும் முகமூடியோடு தூங்க முடியாதவர்கள் அநேகர். அவர்கள் அதைக் கழற்றி வைத்து விட்டால் வியாதி போய் விடுமா?

அப்படிப்பட்டவர்களுக்காக ஏற்பட்டதுதான் உடம்புக்குள் வைக்கும் கருவி. நாக்கை அசைக்கும் நரம்பு, மூளையிலிருந்து வரும் நரம்புகளில் 12-ஆவது. காறை எலும்புக்குக் கீழே தோலுக்குள் ஒரு சிறு மின்சாரக் கருவியை வைத்து, அதிலிருந்து ஒரு கம்பியை அந்த நரம்புக்குக் கொண்டு போகிறார்கள். படுக்கப் போகும்போது கருவியை முடுக்கி விட்டால், மூச்சை உள்ளே இழுக்கும் சமயம் மின்சாரம் நரம்பைத் தூண்ட, நாக்கு முன்னால் வந்து வழி விடுகிறது. இன்ஸ்பயர் என்ற இக்கருவிக்கு அமெரிக்க சர்க்கார் 2014-இல் அனுமதி கொடுத்தார்கள்.

தோழர்களே! பழையது என்பதற்காக ஒன்றை நம்பாத நாம், புதியது என்பதற்காக மாத்திரம் இதை நம்பி விடலாமா? ருஜு எங்கே என்று கேட்க வேண்டாமா? அதே 2014-இல் 126 பேருக்குக் கருவி வைத்துப் பார்த்த முடிவு வெளியாயிற்று. அவர்களை வியாதியின் அளவுப்படி வரிசையாக நிறுத்தினால் நடுவில் நிற்பவருக்கு மணிக்கு 29.3 தடவையாக இருந்தது, ஒரு வருஷத்தில் 9 ஆகக் குறைந்தது. அதோடு விட்டார்களா? குணம் கண்டவர்களில் 46 பேரை எடுத்து, 23 பேருக்குக் கருவியை ஒரு வாரம் நிறுத்தி வைத்தார்கள். அவர்களுக்குச் சராசரி 7.6 ஆக இருந்தது 25.8 ஆக ஏறி விட்டது. நிறுத்தப்படாத 23 பேரோ ஏறக்குறைய இருந்தபடியே இருந்தார்கள். நிறுத்தினால் வியாதி வருகிறது, நடத்தினால் போகிறது என்றால், இதுவல்லவா ருஜு!

ஆனால் அதே கணக்கில், மூன்றில் ஒரு பங்குப் பேருக்கு எதிர்பார்த்த அளவு குணம் ஏற்படவில்லை என்பதையும் மறைக்கக் கூடாது. தொண்டை நாலாபுறமும் ஒருங்கே சுருங்குகிறவர்களுக்கு இது ஏற்றதல்ல என்று கண்டு, முன்னதாகவே தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்த்து அவர்களை விலக்கினார்கள். சிலருக்கு நாக்கில் நோவு காணும். பாட்டரி தீர்ந்தால் மறுபடியும் கத்தி வைக்க வேண்டும். செலவோ ஏழைகளால் தாங்கக் கூடியதல்ல.

ஆகவே, உங்கள் வீட்டில் ஒருவருக்குத் தூக்கத்தில் மூச்சு நிற்குமானால், முதலில் தூக்கப் பரீட்சை செய்து வியாதியின் அளவை அறியுங்கள். பிறகு முகமூடியைச் சரியாகப் பொருத்தி நன்றாய்ப் பரீட்சித்துப் பாருங்கள். அதுவும் முடியாவிட்டால் இக்கருவியைப் பற்றி, "எனக்கு ஏற்றதா, என்ன குணம், என்ன கெடுதி, என்ன செலவு" என்று வைத்தியரைக் கூசாமல் கேளுங்கள். பதில் சொல்லாத வைத்தியரிடம் கழுத்தை நீட்டாதீர்கள் என்று கேட்டுக் கொண்டு இத்துடன் முடித்துக் கொள்ளுகிறோம்.