தரையில் இருங்கள், அது வரட்டும்



கினிப்பன்றி என்ன தின்னும், எப்படிப்பட்ட கூடு வேண்டும் என்பதை விற்றவரே உங்களுக்குச் சொல்லியிருப்பார். வாங்கி வந்த பிறகு வீட்டில் நடப்பதைத்தான் நான் பேச வந்தேன். இப்போது பிறந்தநாள் பரிசாகக் கினிப்பன்றி கொடுக்கிறார்கள். பெட்டியைத் திறந்ததுமே பிள்ளை அதைத் தூக்குகிறது. சுற்றி நிற்பவர்கள் கைபேசியில் படம் பிடிக்கிறார்கள். அது கைக்குள் அசையாமல் இருக்கிறது. "பாருங்கோ, என்ன சாதுவான பிராணி!" என்று எல்லோரும் மகிழ்கிறார்கள்.

அது சாதுவாக இல்லை, நேயர்களே. பயத்தில் விறைத்துப்போய் இருக்கிறது. தப்ப வழியில்லாதபோது கினிப்பன்றி அப்படித்தான் செய்யும். திரும்பவும் சொல்கிறேன்: புதிதாக வந்த கினிப்பன்றி உங்கள் கைக்குள் அசையாமல் இருந்தால், அது பயம்.

கினிப்பன்றியின் பூர்வீகம் தென்னமெரிக்காவின் அந்தீஸ் மலைநாடு. அங்குள்ள மக்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக இதை வீட்டில் வளர்த்து வருகிறார்கள். ஆனால் அதன் காட்டு மூதாதைகளின் பயம் இன்னும் அதன் உடம்பில் இருக்கிறது. நமது மட்டக்களப்பு வாவியில் செம்பருந்து மேலிருந்து இறங்கி மீனைக் காலால் பற்றிக்கொண்டு போவதை எத்தனை தரம் பார்த்திருப்பீர்கள்! கூட்டுக்குள் மேலிருந்து இறங்கும் உங்கள் கை அதற்கு அந்தப் பருந்தின் கால்தான்.

ஆகவே எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். தரையில் இருங்கள். கையைத் தரையில் வையுங்கள். அது வரட்டும்.

என் வீட்டுக்கு முதலில் வந்தவை இரண்டு பெண் கினிப்பன்றிகள், வெள்ளச்சியும் கறுத்தாளும். கூட்டின் பாதியைப் பழைய சேலையால் மூடினேன். மட்டைப்பெட்டி ஒன்றைக் கவிழ்த்து, அதில் இரண்டு வாசல் வெட்டி உள்ளே வைத்தேன். வாசல் இரண்டு இருந்தால்தான் ஒளிந்த இடமே பொறியாகாது. முதல் மூன்று நாளும் புல்லும் தண்ணீரும் வைத்துவிட்டு விலகிவிட்டேன். நாலாம் நாள் பின்னேரம் ஐந்து மணிக்குப் பாயைப் போட்டு இருந்தேன், கையில் ஒரு கினிப்புல் தாள். நமது வளவு ஓரமெல்லாம் ஆளுயரம் வளர்ந்து நிற்கிறதே, அதே புல்தான். ஒரு முழ நீளத் தாளின் அடியை நான் பிடித்துக்கொண்டு நுனியை மட்டைப்பெட்டிப் பக்கம் நீட்டினேன். கால் மணி நேரம். ஒன்றும் வரவில்லை. எழுந்து போய்விட்டேன்.

ஆறாம் நாள் வெள்ளச்சி வந்து நுனியைக் கடித்தது. அடுத்த நாள் தாளைக் கொஞ்சம் கட்டையாக முறித்தேன். அதற்கடுத்த நாள் இன்னும் கட்டை. நேயர்களே, வித்தை இதில்தான் இருக்கிறது. நீங்கள் கிட்டப் போக வேண்டாம். புல் கட்டையாகட்டும், அது கிட்ட வரும். ஒவ்வொரு நாளும் அதே நேரம், அதே இடம், அதே குரல்.

ஒன்பதாம் நாள் எனக்கு அவசரம் வந்துவிட்டது. கிட்ட வந்த கறுத்தாளை அள்ளித் தூக்கினேன். பிறகு ஒரு கிழமை அது என் காலடிச் சத்தத்துக்கே ஒளிந்தது. மறுபடி முழ நீளத் தாளிலிருந்து தொடங்கினேன். இருபத்து மூன்றாம் நாள்தான் கறுத்தாள் முன்னங்கால் இரண்டையும் என் உள்ளங்கையில் வைத்து நின்று தின்றது.

கையைப்போலவே காதுக்கும் பொறுமை வேண்டும். சின்ன வயதில் அம்மப்பா என்னைப் பூரணை இரவில் வாவி மீனின் பாட்டைக் கேட்கக் கல்லடிப் பாலத்தடிக்குத் தோணியில் கூட்டிப்போவார். துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு மறுமுனையை என் காதில் வைப்பார். "கதையாதே மனே, கேள்" என்பார். நான் அசைந்தால் அந்தப் பாட்டுக் கேட்காது. அமெரிக்க யேசு சபைத் துறவி லாங் அடிகளார் பதிவு செய்த அந்த ஓசை இலங்கை வானொலியிலும் ஒலித்தது. காது கொடுக்கத் தெரிந்த ஊர் இது. கினிப்பன்றிக்கும் அந்தக் காதைக் கொடுங்கள். சீட்டி அடிப்பதுபோல் உரக்கக் கத்தினால் சாப்பாடு கேட்கிறது. பல்லை நறநறத்தால் விலகச் சொல்கிறது. நின்ற இடத்திலேயே துள்ளிக் குதித்தால் சந்தோஷம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒன்றைத் தனியாக வளர்க்காதீர்கள். இது கூட்டமாக வாழும் பிராணி. சுவிற்சர்லாந்தில் 2008 முதல் கினிப்பன்றியைத் தனியாக வளர்ப்பது சட்டப்படியே குற்றம். நம்மைப்போலவே இதன் உடலும் விற்றமின் சீயைத் தானாக ஆக்காது. நாளுக்கு ஒரு துண்டு கொய்யாப்பழமோ கறிமிளகாயோ கொடுங்கள். வெங்காயம் வேண்டாம். குளிப்பாட்ட வேண்டாம். தூக்கத்தான் வேண்டுமென்றால் ஒரு கை நெஞ்சின் கீழ், மறு கை பின்புறத்தின் கீழ், உடனே உங்கள் நெஞ்சோடு அணைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் பாயில் இருந்தபடியே மடியில் வைத்துக்கொள்ளட்டும்.

வெயிலைப் பற்றி மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். குளிர்ந்த மலைநாட்டுப் பிராணி இது. 27 பாகை செல்சியசைத் தாண்டினாலே இதற்குக் கஷ்டம். நமக்கோ கச்சான் காற்று வீசும் மாதங்களில் அது சாதாரணச் சூடு. கூட்டைத் தகரக் கூரையின் கீழ் வைக்காதீர்கள். உறைந்த தண்ணீர்ப் போத்தலைத் துணியில் சுற்றி ஒரு மூலையில் வையுங்கள். அரை நாள் தின்னாமல் கிடந்தால் விடியட்டும் என்று பார்க்காமல் கால்நடை வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.

இன்றைக்கு உங்கள் வீட்டுக்கு ஒரு சோடி வந்திருந்தால் படம் எடுப்பதைத் தள்ளிப்போடுங்கள். கூட்டின் பாதியைச் சேலையால் மூடுங்கள். மூன்று நாள் கழித்து, நீளமான புல் ஒன்றோடு போய்த் தரையில் இருங்கள்.