மாத்திரையை எதோட போட்டீங்க?

ஓ.எல். எழுதிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிற பிள்ளைங்களோடயும், அவங்க அம்மா அப்பாவோடயும்தான் இன்னைக்குப் பேசப்போறேன்.

நான் தேயிலைத் தோட்டத்து லயத்துல பிறந்து வளர்ந்தவ. தாதியர் பயிற்சிக் கல்லூரியில படிச்சு, தாதியா வேலை பார்க்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதுசுல ஒரு நாள், கர்ப்பிணித் தாய்மார் கிளினிக். கொழுந்து பறிக்கிற ஒரு அக்கா வந்தாங்க. ஆறு மாசம். இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தும் இரத்தச்சோகை குறையல. "மாத்திரையை ஒழுங்காப் போடுறதில்ல"ன்னு ஏற்கனவே ரெண்டு தடவை ஏச்சு வாங்கியிருக்காங்க. கையில இருந்த மருந்து உறையை வாங்கி எண்ணிப் பார்த்தேன். கணக்கு சரியா இருந்துச்சு. ஒரு மாத்திரைகூடத் தப்பல.

"அக்கா, மாத்திரையை எதோட போடுறீங்க?"ன்னு கேட்டேன்.

"காலையில மலைக்குப் போக முந்தி, ரொட்டி தின்னுட்டு, பிளேன்டீயோட போட்டுக்குவேன் தங்கச்சி."

விஷயம் அவ்வளவுதான். தேயிலையில இருக்கிற டானின், இரும்புச்சத்தை உடம்புல சரியாச் சேர விடாது. மாத்திரையை ராத்திரி, தேத்தண்ணி குடிச்சு ரெண்டு மணித்தியாலம் கழிச்சு, வெறும் தண்ணியோட போடச் சொன்னேன். ஏச்சு வாங்கி வாங்கித் தலை குனிஞ்சே உட்கார்ந்திருந்தவங்க அப்பதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தாங்க.

டானின் பத்தின பாடம் கல்லூரி கொடுத்தது. விடியக்காலையில லயத்து அடுப்படியில என்ன நடக்கும்ங்கிறது என் அம்மா கொடுத்தது. இந்த ரெண்டும் ஒரே ஆள்கிட்ட சேர்ந்தாத்தான் அந்தக் கேள்வி வாயில வரும். அதனால சொல்றேன் பிள்ளைங்களா, லயத்துல வளர்ந்ததை மறைச்சுக்கிட்டுப் போகாதீங்க. சுகாதாரத் துறையில அது உங்களுக்கு ஒரு தகுதி.

இப்படி யோசிச்சுப் பாருங்க. கூடைக் கயித்தைத் தலையில மாட்டி நாள் முழுக்கக் கொழுந்து சுமந்தா கழுத்து என்ன ஆகும்னு தெரிஞ்ச ஒரு பிள்ளை இயன்மருத்துவரா வந்தா? மழைக்காலத்துல லயத்துக் கான் எங்க அடைக்கும், பீலித் தண்ணி எங்கிருந்து வருதுன்னு தெரிஞ்ச ஒரு தம்பி பொதுச் சுகாதாரப் பரிசோதகரா வந்தா? கிளினிக்குக்கு வந்தா அன்னைக்குப் பேர் இல்லை, சம்பளம் இல்லைங்கிறதைப் புரிஞ்ச ஒரு தங்கச்சி குடும்ப நல உத்தியோகத்தரா வந்தா? 2017 மே மாசம் டிக்கோயாவுல, இந்திய உதவியில கட்டின 150 கட்டில் ஆஸ்பத்திரியைத் திறந்தாங்க. கட்டடம் வந்துச்சு, நல்லது. அந்தக் கட்டில் பக்கத்துல நின்னு நம்ம பாட்டிக்கு நம்ம தமிழ்ல விளங்கப்படுத்துற ஆள் நம்ம வீட்டுல இருந்துதான் வரணும்.

சரி, வழி என்ன? ரெண்டு பெரிய வழி இருக்கு.

முதல் வழி பல்கலைக்கழகம். ஹட்டன்ல கண்டி பஸ் ஏறினா கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை தாண்டி பேராதனை. அங்க இணை சுகாதார விஞ்ஞான பீடத்துல தாதியியல், மருந்தகவியல், ஆய்வுகூட விஞ்ஞானம், இயன்மருத்துவம், கதிர்ப்படவியல்னு அஞ்சு படிப்பு இருக்கு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துலயும் தாதியியல், மருந்தகவியல், ஆய்வுகூட விஞ்ஞானம் படிக்கலாம். எல்லாம் நாலு வருசப் பட்டம். இதுக்கு ஏ.எல். உயிரியல் பிரிவும் இசற் புள்ளியும் வேணும். இந்த மாதிரிப் படிப்புகளுக்கு 40 வீத இடம் நாடு முழுக்கத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்கு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. அந்தப் பின்தங்கிய மாவட்டப் பட்டியல்ல நுவரெலியாவும் இருக்கு. டாக்டர் படிப்புக்குப் புள்ளி காணாம வீட்டுல உட்கார்ந்து அழுவுற பிள்ளை, பல்கலைக்கழக அனுமதிக் கைநூலை எடுத்து இந்தப் படிப்புகளோட வெட்டுப்புள்ளியைப் பார்க்கணும். விண்ணப்பத்துல வரிசைப்படி இதையெல்லாம் எழுதணும்.

ரெண்டாவது வழி சுகாதார அமைச்சோட பயிற்சி. கண்டி, யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, வவுனியான்னு பல ஊர்ல தாதியர் கல்லூரி இருக்கு. மூணு வருசப் பயிற்சி. மாசா மாசம் கொடுப்பனவு கிடைக்கும். அப்பா தோட்டத்துல கடன் வாங்க வேண்டியதில்ல. குடும்ப நல உத்தியோகத்தர் பயிற்சி 18 மாசம். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பயிற்சிக்குக் களுத்துறையில தேசிய சுகாதார விஞ்ஞான நிறுவனம் இருக்கு. 1926ல அங்க ஆரம்பிச்ச சுகாதார அலகுதான் அதுக்கு வேர்.

இந்தப் பயிற்சிக்கெல்லாம் ஆள் கூப்பிடுறது வர்த்தமானியில. வெள்ளிக்கிழமை வரும், தமிழ்லயும் வரும், போன்லயே பார்க்கலாம். நம்ம பிள்ளைங்க நிறையப் பேர் தகுதி இல்லாம தோற்கல. அறிவித்தல் வந்ததே தெரியாம திகதி தாண்டிப் போகுது. கலைப் பிரிவு படிச்ச பிள்ளைங்களும் அறிவித்தலை முழுசா வாசிங்க. கேட்கிற தகுதி ஒவ்வொரு தடவையும் மாறலாம்.

இப்ப ஓ.எல். முடிச்ச பிள்ளைக்கு முக்கியமான விஷயம். நிறையத் தோட்டப் பாடசாலையில ஏ.எல். விஞ்ஞானப் பிரிவு கிடையாது. ஹட்டன் ஹைலன்ஸ் மாதிரி ஒரு பாடசாலையைத் தேடிப் போகணும். "பக்கத்துல இருக்கு, கூட்டாளி இருக்கா"ன்னு பிரிவைத் தெரிவு செய்யாதீங்க. கணிதம், விஞ்ஞானம் ரெண்டுலயும் நல்ல பெறுபேறு வந்தா, பஸ்ஸுல ஒரு மணித்தியாலம் போனாலும் பரவாயில்ல, உயிரியல் படிங்க. சிங்களமும் இங்கிலீஷும் இப்பவே பழகுங்க. பல்கலைக்கழகப் படிப்பு இங்கிலீஷ்ல. நிறைய இடத்துல, வார்டுல கூட வேலை செய்யிறவங்க பேசுறது சிங்களத்துல.

அம்மா அப்பாவுக்கு ரெண்டு சொல்லு. டவுன்ல "ஆறு மாசத்துல நர்ஸ்"னு போர்டு போட்டிருப்பாங்க. நகையை அடகு வைக்க முந்தி ஒரு கேள்வி கேளுங்க: "இந்தச் சான்றிதழை வச்சு, தாதின்னா தாதியர் சபையில, மருந்தாளர், ஆய்வுகூடம்னா இலங்கை மருத்துவ சபையில பதியலாமா?" நேராப் பதில் வரலைன்னா எழும்பி வந்துருங்க. அடுத்தது, பொம்பளப் பிள்ளையை விடுதியில விடப் பயப்படாதீங்க. என்னை விடவும் எங்கப்பா பயந்தாரு. பெட்டியைத் தூக்கிக்கிட்டு விடுதி வாசல் வரைக்கும் வந்துட்டு, திரும்பிப் பார்க்காமப் போனாரு. இன்னைக்கு எங்க லயத்துல யாருக்குக் காய்ச்சல்னாலும் அவர்தான் எனக்கு முதல்ல போன் எடுக்கிறாரு.

இந்த வாரம் ஒரே ஒரு வேலை செய்யுங்க. பிறப்புச் சான்றிதழையும் அடையாள அட்டையையும் எடுத்து, பேர் ரெண்டுலயும் ஒரே மாதிரி இருக்கான்னு எழுத்துக்கு எழுத்து பாருங்க. பிழை இருந்தா இப்பவே திருத்தக் கொடுங்க. அப்புறம் அதை ஒரு பைல்ல போட்டு மழைத் தண்ணி படாத இடத்துல வைங்க. வர்த்தமானி வர்ற வெள்ளிக்கிழமை அந்தப் பைல் தயாரா இருக்கணும்.