இளம் தந்தையின் நினைவும் யத்தீம்களின் உரிமையும்



புகழனைத்தும் அகிலங்களின் இரட்சகனாகிய அல்லாஹ்வுக்கே! ஸலவாத்தும் ஸலாமும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

வயது முதிர்ந்து நிகழும் மரணத்தை மனம் ஒருவாறு ஏற்றுக்கொள்கிறது. ஆனால் முப்பது வயதில் ஒரு தந்தை மரணிக்கும்போது ஊரே உடைந்து போகிறது. குமுளி மலைச்சாலையில் ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் சென்றவர், வளைகுடாவில் வேலைக்குப் போனவர், வயலிலிருந்து நெஞ்சுவலியோடு திரும்பியவர் என இப்படிப்பட்ட மய்யித்துகளைச் சின்னமனூரில் நாம் சுமந்திருக்கிறோம். கப்ரில் மூன்று பிடி மண் இட்டுத் திரும்புகிறோம். நாற்பது நாட்கள் அந்தப் பெயரைச் சொல்கிறோம். அதன் பிறகு அவரை நினைப்பவர் யார்? நினைப்பது என்றால் என்ன? இதைத்தான் இன்று நீங்களும் நானும் சிந்திக்க வேண்டும்.

நம் பெருமானார் (ஸல்) அவர்களே தந்தையின் முகத்தைக் காணாத பிள்ளை. தந்தை அப்துல்லாஹ் வணிகப் பயணத்திலிருந்து திரும்பும் வழியில் யத்ரிபில் நோயுற்று, அங்கேயே மரணமடைந்தார். அப்போது அவருக்கு ஏறத்தாழ இருபத்தைந்து வயது என்றே வரலாற்றாசிரியர்கள் பலரும் கூறுகின்றனர். அவர் விட்டுச் சென்றவை ஐந்து ஒட்டகங்களும் சிறியதொரு ஆட்டு மந்தையும், உம்மு ஐமன் (ரலி) என்ற பணிப்பெண்ணும்தான். அந்த யத்தீமுக்குப் புகலிடம் அளித்ததை ‘ளுஹா’ அத்தியாயத்தில் நினைவூட்டும் இறைவன், அதே அத்தியாயத்தில் யத்தீமை அடக்கி ஒடுக்காதீர் என்றும் கட்டளையிடுகிறான்.

ஹிஜ்ரி 8 (கி.பி. 629) முஃத்தா போரில் ஜஃபர் (ரலி) அவர்கள் ஷஹீதானார்கள். நபி (ஸல்) அவர்கள் அவருடைய வீட்டுக்குச் சென்று, பிள்ளைகளை அழைத்து அணைத்து, கண்ணீர் வடித்தார்கள். ஜஃபரின் குடும்பத்தாருக்கு உணவு சமைத்துக் கொடுங்கள் என மற்றவர்களிடம் சொன்னார்கள். பிள்ளைகள் அநாதைகளாகிவிட்டதைத் தாய் அஸ்மா (ரலி) முறையிட்டபோது, இம்மையிலும் மறுமையிலும் இவர்களுக்கு நானே பொறுப்பாளன் எனும் கருத்தில் ஆறுதல் கூறினார்கள். பின்னாளில் இப்னு உமர் (ரலி) அவர்கள் ஜஃபரின் மகனைக் காணும்போதெல்லாம், இரு சிறகுகள் உடையவரின் மகனே என்று விளித்து ஸலாம் சொல்வார்கள். தந்தையின் பெருமையை மகனின் காதில் விழச் செய்வதும் நினைவு கூர்தல்தான்.

நம் நாட்டிலும் ஓர் உதாரணம் உண்டு. 1965 போரில் எதிரி டாங்கிகளை எதிர்த்து நின்று உயிர் நீத்த ஹவில்தார் அப்துல் ஹமீதுக்கு அப்போது வயது 32. நாடு அவருக்குப் பரம்வீர் சக்ரா விருதளித்துப் போற்றியது. அவருடைய மனைவி ரசூலன் பீவி 2019 வரை வாழ்ந்து, அரை நூற்றாண்டுக்கும் மேலாக அந்த நினைவைச் சுமந்தார். ஆனால் ஜீப் ஓட்டியவருக்கும் கூலி வேலைக்குச் சென்றவருக்கும் எந்த விருதும் வருவதில்லை. அவர்களை நினைப்பதற்கு அவர்களின் குடும்பமும் ஜமாஅத்தும்தான் உண்டு.

சகோதரர்களே! நினைவின் முதற்கடமை பங்கைக் கொடுப்பதாகும். உஹதுப் போரில் (கி.பி. 625) ஸஅத் பின் ரபீஉ (ரலி) ஷஹீதானபோது அவருடைய சொத்து முழுவதையும் அவரின் சகோதரர் எடுத்துக்கொண்டார். மனைவி இரு பெண்மக்களையும் அழைத்துக்கொண்டு நபி (ஸல்) அவர்களிடம் வந்து முறையிட்டார். வாரிசுரிமை வசனம் இறங்கியது. சொத்தை 24 பங்காகக் கொண்டால், மகள்களுக்கு 16, மனைவிக்கு 3, எஞ்சிய 5 சகோதரருக்கு எனத் தீர்ப்பாயிற்று. யத்தீமின் பொருளை அநியாயமாக உண்பவர் வயிற்றில் நெருப்பையே நிரப்புகிறார் எனத் திருமறை (4:10) எச்சரிக்கிறது. எனவே பருவமடையாத பிள்ளைகளின் பங்கிலிருந்து எடுத்து நாற்பதாம் நாள் விருந்து வைப்பது கூடாது. துக்க வீட்டுக்கு நாம் உணவு கொண்டு செல்ல வேண்டும் என்பதே ஜஃபர் (ரலி) வீட்டிலிருந்து நமக்குக் கிடைத்த சுன்னத்து.

அடக்கச் செலவுக்குப் பின் கடனைத் தீருங்கள். கொடுக்கப்படாத மஹரும் கடன்தான். அதன் பிறகே வஸிய்யத்தும் பங்கீடும். மரணத்தை 21 நாட்களுக்குள் பதிவு செய்யுங்கள். உத்தமபாளையம் தாலுகா அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழ் கோரும்போது மனைவியின் பெயரும் பெண்பிள்ளைகளின் பெயரும் விடுபடாமல் பாருங்கள். இத்தாவில் இருக்கும் அப்பெண்ணை அலையவிடாமல், அண்ணன் தம்பிமார் இந்தப் பணிகளை அமானிதமாக ஏற்றுச் செய்யட்டும்.

பாட்டனார்மார்களே! உங்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள். மகன் உங்களுக்கு முன்பே மரணித்து, வேறு மகன் உயிரோடு இருந்தால், இறந்த மகனின் பிள்ளைகளுக்கு உங்கள் சொத்தில் வாரிசுப் பங்கு இல்லை. தந்தையை இழந்த பிள்ளை, தோப்பையும் வயலையும் இழந்து நிற்கும் நிலை இங்குதான் உண்டாகிறது. ஷரீஅத் இதற்கு வாசலை அடைத்துவிடவில்லை. மூன்றில் ஒரு பங்குக்குள் அப்பேரப்பிள்ளைகளுக்கு வஸிய்யத் எழுதலாம். உயிரோடு இருக்கும்போதே ஹிபாவாகக் கொடுத்துக் கையளிக்கலாம். எகிப்து 1946ஆம் ஆண்டிலேயே இத்தகைய வஸிய்யத்தைச் சட்டமாக்கியது. பாகிஸ்தான் 1961இல் பேரப்பிள்ளைகளுக்குப் பங்கே கொடுத்துச் சட்டம் இயற்றியது. இந்தியாவில் அப்படியொரு சட்டம் இல்லை. ஆகவே இது உங்கள் மனசாட்சியிடம் விடப்பட்டிருக்கிறது. நாளை எழுதுவோம் என்று இருந்துவிடாதீர்கள். உங்களுக்கு முன்பே உங்கள் மகன் போய்விட்டதைக் கண்ட பிறகும் நாளையை நம்பலாமா? சின்னத்தா, பெரியத்தாமார்களே! தகப்பனார் அப்படி எழுத முன்வந்தால் குறுக்கே நிற்காதீர்கள். அவர் எழுதாமலே போய்விட்டாலும், பங்கீட்டின்போது வந்து நிற்கும் யத்தீம்களுக்கு அதிலிருந்து கொடுத்து, கனிவாகப் பேசுமாறு திருமறை (4:8) சொல்வதை மறந்துவிடாதீர்கள்.

தாய்மார்களே! பிள்ளைகளிடம் அத்தாவைப் பற்றிப் பேசுங்கள். அவர் எப்படிச் சிரிப்பார், யாருக்கு உதவினார், எந்தத் தொழுகையைப் பள்ளியில் தவறவிடமாட்டார் என்பதையெல்லாம் சொல்லுங்கள். அழுகை வந்தால் அழட்டும். நபி (ஸல்) அவர்களும் அழுதார்கள். ஒவ்வொரு தொழுகைக்குப் பின்னும் அத்தாவுக்காக துஆ கேட்கப் பழக்குங்கள். நல்ல பிள்ளையின் துஆ, மரணித்த பின்னும் தந்தையைச் சென்றடையும் நன்மையாகும். முப்பது வயதில் முடிந்துவிட்ட ஒரு வாழ்வின் நன்மை ஏடு, அந்தச் சிறு கைகள் உயரும்போதெல்லாம் மீண்டும் எழுதப்படுகிறது.

யத்தீமைப் பொறுப்பேற்பவர் சுவர்க்கத்தில் தம்மோடு இவ்வாறு இருப்பார் என அண்ணலார் (ஸல்) இரு விரல்களைச் சேர்த்துக் காட்டினார்கள். இளமையில் மரணித்த தந்தையரின் கப்ருகளை வல்ல ரஹ்மான் ஒளிமயமாக்குவானாக! அவர்தம் மனைவி மக்களுக்குப் பாதுகாவலனாக இருப்பானாக! அவர்களின் உரிமையில் ஒரு பிடி மண்ணைக்கூட நாம் எடுத்துவிடாதபடி நம்மைக் காப்பானாக! ஆமீன்.